ஏழாவது மாத்திரை

கால் வீக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்டிருக்கிறேன். குடும்ப டாக்டராக இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வயதானவர்களுக்கு மருந்து எழுதுவது எப்படி என்று எனக்கு ஒழுங்காகப் புரிய வைத்தவர் ஒரு நோயாளி அம்மா. நான் அதைக் கற்றுக்கொள்ள உடைந்தது அவருடைய மணிக்கட்டு.

அவருக்கு அப்போது 78 வயது. சுகருக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு அம்லோடிபைன் 5 மில்லிகிராம், அவ்வளவுதான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பார்த்தபோது பிரஷரின் மேல் எண் 160-ஐத் தாண்டியிருந்தது, அம்லோடிபைனை 10 ஆக ஏற்றினேன். ஒரு மாதம் கழித்து வந்து, "காலு ரெண்டும் வீங்கிப் போச்சு டாக்டர், செருப்பே நுழைய மாட்டேங்குது" என்றார். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டேன், சந்தேகப்பட எதுவும் இல்லை. வெளியே கூட்டம். நீர் பிரிய ஃபுரோசெமைட் 40 எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மற்ற மாத்திரையோடு சேர்த்து ராத்திரி படுக்கும் முன் போட்டிருக்கிறார். ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து பாத்ரூம் போயிருக்கிறார். மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி, இருட்டில் சட்டென்று எழுந்தவருக்குத் தலை சுற்றி, கையை ஊன்றி விழுந்துவிட்டார்.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டு, வலிக்கு டைக்ளோஃபினாக், வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் என்று மூன்று எழுதினார். அவர் முன்னால் இருந்தது உடைந்த எலும்பு, அவர் அதைப் பார்த்தார். மறுபடி என்னிடம் வந்தபோது பிரஷர் முன்பைவிட ஏறியிருந்தது. பேனாவை எடுத்து இன்னொரு பிரஷர் மாத்திரை எழுதப் போகிறேன், கூட வந்திருந்த மகள் மெதுவாகச் சொன்னார்: "இது ஏழாவது மாத்திரை டாக்டர். அம்மாவோட டப்பாவுல இடம் இல்லை." குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே டப்பாவைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

நான் பேனாவை வைத்துவிட்டு, பையில் இருந்த அட்டைகளை எல்லாம் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னேன். எது எப்போது வந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அம்லோடிபைனை ஏற்றினேன், கால் வீங்கியது. அந்த வீக்கம் அந்த மருந்தின் பக்க விளைவு, அளவு ஏற ஏற அதிகமாக வருவது. அது சின்ன ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் நீர் திசுக்களுக்குள் கசிகிறது, உடம்பில் நீர் சேர்ந்ததால் வந்த வீக்கம் இல்லை. அதனால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக எடுபடாது. எடுபடாத அந்த மாத்திரை ராத்திரியெல்லாம் எழுப்பியது, விழ வைத்தது. விழுந்ததால் டைக்ளோஃபினாக் வந்தது. அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும். ஏறிய பிரஷருக்குத்தான் நான் ஏழாவது மாத்திரை எழுதவிருந்தேன்.

இதற்கு மருத்துவத்தில் பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட் என்று பெயர். 1997-ல் பவுலா ரோஷன், ஜெரி கர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை விளக்கி எழுதினார்கள். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு அடுத்த மருந்து, அதன் பக்க விளைவுக்கு அதற்கடுத்தது என்று நீண்டு போகும் சங்கிலி. பரீட்சைக்குப் படித்த விஷயம்தான், மேஜையில் அட்டைகளாகக் கிடந்தபோதுதான் புரிந்தது.

அன்றைக்கு நான் புதிதாக எதுவும் எழுதவில்லை. நீர் மாத்திரையை நிறுத்தினேன், எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டு டைக்ளோஃபினாக்குக்குப் பதிலாகப் பாராசிட்டமால் கொடுத்தேன், அம்லோடிபைனை 5-க்கு இறக்கினேன், பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க ரத்தம் எடுத்தேன், வாரா வாரம் வரச் சொன்னேன். வலி மாத்திரை போனதும் கேஸ் மாத்திரைக்கும் வேலை இல்லை. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. பிரஷர், அந்த வயதுக்கு நான் நிம்மதியாக இருக்கக்கூடிய அளவுக்குத் தானாகவே இறங்கி வந்தது. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.

அதற்குப் பிறகு, வயதானவர் யாராவது புதிதாக ஒரு தொந்தரவு சொன்னால் நான் முதலில் நோயைத் தேடுவதில்லை. கடைசியாக எந்த மருந்து சேர்ந்தது, எதன் அளவு மாறியது என்று கேட்கிறேன். கை நடுங்குகிறது என்கிறார்களா? வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடோ, தலைசுற்றலுக்கு சின்னரிசினோ மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டுமே பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும், அதைப் பார்த்துவிட்டு பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவை ஆரம்பித்துவிட்டால் சங்கிலி தொடங்கிவிடும். வறட்டு இருமலா? பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை இருக்கிறதா? ஞாபக மறதிக்கு டோனெபெசில் போடுகிறவருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போனால், அது அந்த மருந்தாலேயே இருக்கலாம். அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதினால் ஒரு மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், இன்னொன்று நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும், நடுவில் அந்தப் பெரியவருக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

வயதானால் உடம்பே மருந்தை வேறு மாதிரி வாங்குகிறது. இதில் நான் அடிக்கடி பார்க்கும் ஏமாற்றம் கிரியேட்டினின். 30 வயது, 70 கிலோ எடையுள்ள ஒரு ஆண். 82 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பெண். இருவருக்கும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.0 என்று வருகிறது, இரண்டுக்கும் நேரே நார்மல் என்று அச்சடித்திருக்கும். காக்ராஃப்ட்–கால்ட் என்று 1976-ல் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது, வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுவது. அதில் போட்டால் அந்த இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு சுமார் 107 மில்லி சுத்தம் செய்கிறது, அந்த அம்மாவுடையது சுமார் 31. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை மெலிந்துபோன உடம்பில் அது உற்பத்தியாவதே குறைவு, அதனால்தான் சிறுநீரகம் தளர்ந்தும் எண் ஏறாமல் நிற்கிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபாலின், காபாபென்டின், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் மாதிரி சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகளை அந்த அம்மாவுக்கு இளைஞருக்கான அளவில் கொடுத்தால், ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்கும். பகலெல்லாம் தூங்கி வழிகிறார்கள், வயசாயிடுச்சு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வயதின் தலையில் போட்டுவிடும் பல விஷயங்கள் மருந்தின் அளவில் இருக்கின்றன. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

கொழுப்பும் அப்படித்தான். வயதாக ஆக உடம்பில் தண்ணீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. தூக்கத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம் கொழுப்பில் போய்த் தங்குகிற மருந்து. அது உடம்பில் பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும் என்றால் 80 வயதில் அதைப் போல நாலு மடங்குக்கு மேல் ஆகும். நேற்று ராத்திரி போட்ட தூக்க மாத்திரை நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ளே இருக்கிறது, அதன் மேல் இன்றைய மாத்திரை.

அதனால் பாதி அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் விதி. சொல்வது சுலபம். ஆரம்பித்துவிட்டு மறந்துபோய், பலன் தராத பாதி அளவிலேயே வருடக்கணக்கில் விட்டுவிடுவதும் நடக்கிறது. மெதுவாக ஏற்றலாம், ஆனால் ஏற்ற வேண்டியதை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, இவ்வளவு மாத்திரை எப்படிச் சேர்கிறது? டாக்டர்கள் கவனக்குறைவாக எழுதுவதால் மட்டும் இல்லை. ஒவ்வொரு டாக்டரும் விதிப்படி சரியாக எழுதினாலும் சேரும். 2005-ல் அமெரிக்காவில் சிந்தியா பாய்டும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டார்கள். பிரஷர், சுகர், மூட்டுத் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு, நுரையீரல் அடைப்பு நோய் என்று ஐந்து, எல்லாமே சாதாரணமாகப் பார்க்கிற நோய்கள். ஒவ்வொன்றுக்கும் அப்போதிருந்த வழிகாட்டு நெறிகளை அப்படியே பின்பற்றினால் அவருக்கு 12 மருந்துகள் வந்தன. ஒவ்வொரு நெறியும் அந்த ஒரு நோய் மட்டும் உள்ளவரை மனதில் வைத்து எழுதியது. ஐந்தும் ஒரே உடம்பில் இருக்கிறவரைப் பற்றி யோசிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் குடும்ப டாக்டர் என்றுதான் நான் நம்புகிறேன். இதய டாக்டர் எழுதியதை நான் எப்படி நிறுத்துவது என்ற தயக்கம் எங்களில் நிறையப் பேருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இப்போது போனை எடுத்து அவரிடமே கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும், அதையா, அது ஆறு மாதத்துக்குத்தானே எழுதினேன், இன்னுமா போடுகிறார் என்றுதான் பதில் வருகிறது.

எந்த மருந்து வயதானவர்களுக்கு ஆபத்து என்று பட்டியலே இருக்கிறது. மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991-ல் முதல் பட்டியலைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அது பியர்ஸ் பட்டியல்தான், 2023-லும் புதுப்பித்திருக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து 2008-ல் ஸ்டாப், ஸ்டார்ட் என்று இரண்டு பகுதிகளோடு இன்னொன்று வந்தது. இரண்டாவது பகுதியை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதும் தப்பு என்று அது சொல்கிறது. எண்பது வயதாகிவிட்டது, இனிமேல் பிரஷருக்கு எதற்கு மருந்து என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. 80 வயதைத் தாண்டியவர்களை மட்டுமே வைத்து நடத்திய ஹைவெட் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. பிரஷர் 160-க்கு மேல் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததில், கொடுக்காதவர்களைவிட இறப்பு 21 சதவீதம் குறைவு. அதில் அவர்கள் வைத்த இலக்கு 150/80, இளைஞர்களுக்கு வைக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கவில்லை. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். உட்கார வைத்துப் பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கிறேன். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு அழகான எண் வந்தாலும் நான் மருந்தை ஏற்ற மாட்டேன்.

சுகரிலும் இதே கதைதான். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7-க்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பல நோய்களோடு தளர்ந்திருக்கும் ஒருவருக்கு 8-க்குக் கீழே இருந்தாலே போதும். கிளிபென்கிளமைட் மாதிரி நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால், சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டாமலேயே உளறல் மட்டும் வரலாம். அதைப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதயத்தில் எந்தப் பிரச்சினையும் வராதவர்கள், ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று வருடக்கணக்கில் ஆஸ்பிரின் போடுவதைப் பார்க்கிறேன். 2018-ல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமாக இருந்த 19,114 முதியவர்களைப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் கணிசமாகக் குறையவில்லை, ரத்தக் கசிவு கூடியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயம் முழுக்க வேறு, அவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது.

மாத்திரைப் பையை மொத்தமாகக் கொண்டுவரச் சொல்வதுதான் என் பரிசோதனைகளிலேயே அதிகம் சொல்லித் தருவது. சீட்டைக் கொண்டுவந்தால் போதாது, பையே வேண்டும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு டாக்டர் எழுதி, இரண்டையும் ஒருவர் போட்டுக்கொண்டிருப்பது பையைக் கொட்டினால்தான் தெரியும். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளோர்ஃபெனிரமைன் உள்ள அந்த மாத்திரை, ப்ராஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு ஒரே ராத்திரியில் சிறுநீரை அடைத்துவிடும். கண் சொட்டு மருந்தையும் யாரும் சொல்வதில்லை. கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் கண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பை மந்தமாக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இழுக்க வைக்கும். மூன்று மாதமாக மூச்சிறைப்புக்கு இன்ஹேலரை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஒரு ஐயாவுக்கு, கடைசியில் காரணம் அவர் சட்டைப் பையில் இருந்த சின்ன பாட்டிலாக இருந்தது.

பை காலியானதும் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பேன். அவருக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை, என் குறிப்பிலும் இல்லை என்றால், அது நிறுத்துவதற்கான வரிசையில் முதலில் நிற்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்து நாளுக்கு எழுதிய கேஸ் மாத்திரை ஆறு வருடமாக ஓடுவது ரொம்ப சகஜம். வருடக்கணக்கில் ஓடினால் பி12 குறையும், அதுவும் சுகருக்கான மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் இன்னும் குறையும், பிறகு கால் மரத்துப் போகிறது என்று அதற்கு ஒரு மாத்திரை.

நிறுத்துவதிலும் அவசரம் கூடாது. அந்த அம்மாவுக்கு ஒரே நாளில் பலதை மாற்றியது விதிவிலக்கு, மற்றபடி ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக நிறுத்தி ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாது. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரொலால் மாதிரி மருந்துகள், ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, லெவோடோபா, தூக்க மாத்திரை, இவற்றைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். கேஸ் மாத்திரையைக்கூடத் திடீரென்று விட்டால் சில வாரம் எரிச்சல் முன்பைவிட அதிகமாக வந்து, பார், இது இல்லாமல் என்னால் முடியாது என்று திரும்பப் போட வைத்துவிடும். தயவுசெய்து யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு அப்பா அம்மாவின் டப்பாவிலிருந்து எதையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பையோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மாத்திரையைக் குறைக்கலாம் என்றால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். சிலர் கலங்கிப் போகிறார்கள். இனிமே என்னைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லைன்னு நினைச்சுட்டீங்களா டாக்டர் என்று ஒரு பாட்டி கேட்டார். அன்றிலிருந்து நிறுத்தலாம் என்று ஆரம்பிப்பதில்லை. இந்த மாத்திரை உங்களுக்கு இப்போது என்ன நன்மை செய்கிறது, என்ன தொந்தரவு செய்கிறது என்று சேர்ந்து பார்ப்போமா என்று கேட்கிறேன். விளக்கிச் சொன்னால் பெரியவர்கள் கேட்கிறார்கள். கனடாவில் கியூபெக்கில் நடந்த எம்பவர் என்ற ஆய்வு, 2014-ல் வந்தது. பல வருடம் தூக்க மாத்திரை போடும் முதியவர்களுக்கு அதன் ஆபத்தையும், படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் எழுதிய ஒரு கையேட்டை மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுதாக விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்.

நானும் அதே மாதிரி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது 81 வயது ஐயா ஒருவர் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறார். மனைவி இறந்த வாரம் யாரோ தூக்கத்துக்கு எழுதிக் கொடுத்த அல்பிரஸோலாம், பதினோரு வருடமாக ஓடியது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்து மாதத்தில் கால் மாத்திரைக்கு வந்துவிட்டார். காலையில் எழுந்தால் தலை தெளிவாக இருக்கிறது என்கிறார், கைத்தடி இல்லாமல் என் அறைக்குள் வருகிறார். அந்தக் கடைசிக் கால் மாத்திரையை மட்டும் விட மனம் வரவில்லை. போன தடவை அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது அவ போன ராத்திரியிலேர்ந்து கூட இருக்கு டாக்டர்" என்றார். அடுத்த மாதமும் அது அப்படியே இருக்கட்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.